நீலம் மட்டும் இன்னும் அடங்கவில்லை

மூன்று வாரமாக, வரைந்து முடித்த என் எண்ணெய் வண்ண ஓவியங்களைப் படமெடுத்துத் திரையில் அதே நிறத்தில் கொண்டுவரப் பார்க்கிறேன். முதல் படத்தில் நல்ல ரத்தச் சிவப்பு பழைய செங்கல் போல விழுந்தது. பழைய கேமரா அல்லவா, அதுதான் காரணம் என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது பாவம், தப்பே செய்யவில்லை.

தப்பு பல்பில். வீட்டில் மாட்டியிருந்தது சி.ஆர்.ஐ. 80, அதாவது அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு 100க்கு 80 மதிப்பெண். பெட்டியில் அச்சிடும் அந்த எண், வெளிறிய 8 மாதிரி நிறங்களின் சராசரி மட்டும்தான், அடர் சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அதில் சேராது. எனவே சிவப்பில் சொதப்பும் பல்பும் நல்ல எண்ணோடு கடையில் நிற்கும். சி.ஆர்.ஐ. 95க்கு மேல், ஆர்9 தனியாகக் குறிப்பிட்ட, ஒரே மாதிரியான இரண்டு எல்.இ.டி. பல்புகள் வாங்கினேன். காசு போட வேண்டிய இடம் இதுதான், புது லென்ஸ் அப்புறம்.

ஜன்னலை மூடி, இரண்டு விளக்கையும் இருபுறமும் 45 டிகிரியில் வைத்தேன். சாம்பல் அட்டையை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து எடுத்துப் பார்த்தால், 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவில் நடுவில் 118, வலது கீழ் மூலையில் 97! விளக்குகளைத் தள்ளி வைத்து, இடது விளக்கை வலது ஓரத்தை நோக்கியும் வலது விளக்கை இடது ஓரத்தை நோக்கியும் திருப்பியதும் வித்தியாசம் 3க்குள் வந்துவிட்டது. கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியை ஓவியத்தின் மேல் தட்டையாக ஒட்டவைத்தேன், லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நடுவில் தெரிந்தால் சரி. அப்புறம் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, ட்ரைபாட், 2 விநாடி டைமர், ரா கோப்பு (கேமரா நிறத்தைத் திருத்தாமல் அப்படியே சேமிப்பது).

இவ்வளவும் செய்து எடுத்த படத்தில், வார்னிஷ் பூசிய கருப்புப் பகுதியில் மட்டும் லேசாக ஆரஞ்சு மினுங்கியது. அரை மணி நேரம் பல்பைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் அது என் சட்டை. இப்போது கருப்புச் சட்டைதான்.

24 கட்ட வண்ண அட்டையை அதே வெளிச்சத்தில் ஒரு முறை எடுத்து, அதிலிருந்து கேமராவுக்கென ஒரு ப்ரொஃபைல் (கேமரா பதியும் நிறங்களைச் சரியான நிறங்களாக மாற்றும் கோப்பு) செய்ததும் தோல் நிறம், மஞ்சள், பச்சை எல்லாம் சட்டென்று இடத்தில் வந்து உட்கார்ந்தன. கோபால்ட் நீலம் மட்டும் ஊதா பக்கம் சாய்ந்தே நிற்கிறது. அந்த நிறமி ஆழ்சிவப்பு ஒளியையும் கணிசமாகத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு அது ஏறக்குறைய தெரியாது, சென்சாரோ அதில் கொஞ்சத்தைச் சிவப்பாகக் கணக்கில் எடுத்துவிடுகிறது. அட்டையில் உள்ள நீலக் கட்டம் வேறு சாயம் என்பதால் ப்ரொஃபைலும் இதைப் பிடிக்கவில்லை. இப்போதைக்கு ஓவியத்தை அதே விளக்கடியில் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அந்த நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையால் நகர்த்துகிறேன். நேற்று ஒரே வானத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது.

அடுத்து, தடிப்பான தூரிகைத் தீற்றல்களின் பளபளப்பை அடக்க விளக்குகளுக்கு போலரைசிங் ஃபிலிமும் லென்ஸுக்கு அதற்குக் குறுக்காகத் திருப்பிய ஃபில்டரும் போட்டுப் பார்க்க வேண்டும்.