டேட்டாபேஸ் சர்வரா? முதல் காசை டிஸ்க்குக்குப் போடுங்கள்

ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கோ சத்துவாச்சாரி மருந்துக் கடைக்கோ போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை ஓட்ட சர்வர் வாங்குகிறீர்களா? பிராசசர் கோர்களை எண்ணுவதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள். ஒவ்வொரு பில்லும் கமிட் ஆகும்போது, அதாவது நிலையாகச் சேமிக்கப்படும்போது, அதன் லாக் (மாற்றக் குறிப்பு) டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் 'முடிந்தது' என்ற பதில் வரும். வீட்டுக் கம்ப்யூட்டர் எஸ்.எஸ்.டி. இங்கேதான் திணறும். கரண்ட் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரகமாக இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே தகவல் பதியும்படி ரெய்டு 1 போடுங்கள். வந்ததும் போஸ்ட்கிரெஸோடு வரும் டிஸ்க் சோதனைக் கருவியான பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் (pg_test_fsync) ஓட்டுங்கள். வினாடிக்குச் சில நூறு பதிவுகள்தான் வருகிறதென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேகத்துக்காக, தகவல் டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்க் அமைப்பை மட்டும் தயவுசெய்து அணைக்காதீர்கள். ஒரே கரண்ட் கட்டில் மொத்த டேட்டாபேஸும் கெட்டுப்போகலாம்.

ரேம், பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ரகமாக இருக்கட்டும். 32 ஜி.பி. என்றால் ஷேர்டு பஃபர்ஸுக்கு (போஸ்ட்கிரெஸ் தனக்கென ஒதுக்கும் ரேம்) 8 ஜி.பி. கொடுங்கள், மிச்சத்தை லினக்ஸ் டிஸ்க் தகவலுக்கான தற்காலிகச் சேமிப்பாக (cache) வைத்துக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் வெறும் 128 எம்.பி.தான்.

ஓ.எஸ்.ஸில் டெபியனோ, நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு எல்.டி.எஸ்.ஸோ, இரண்டும் லினக்ஸ்தான், பழகினது போதும். இருப்பதைவிட அதிக மெமரியை லினக்ஸ் வாரி வழங்காமலிருக்க, அதன் ஓவர்கமிட் மெமரி (vm.overcommit_memory) அமைப்பை 2 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ரேம் தீரும்போது லினக்ஸ் போஸ்ட்கிரெஸையே நிறுத்திவிடக்கூடும்.

வேலூர் மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில் என்.வி.எம்.இ. என்ற அதிவேக எஸ்.எஸ்.டி. டிஸ்க் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கட்டாயம்.