அப்பா நெஞ்சுல ஒட்டின வயரு

இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்ச அப்பாவ செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு வழியா புனலூர் கூட்டிட்டுப் போய் இதயத் துடிப்ப விடாம பதியுற ஹோல்டர் கருவிய மாட்டிட்டு வந்தோம், 24 மணி நேரம் நெஞ்சுல வயரு, இடுப்புல பெட்டி. நைட்டு முழுக்க விட்டத்தையே பாத்துட்டு கெடந்தாரு, என்னப்பான்னா "ஒண்ணுமில்லடா"ங்காரு. கடன், தங்கச்சி கல்யாணம் எல்லாத்தையும் உள்ளயே பூட்டி வச்சிருக்க மனுசன்.

இப்படி ஓயாத கவலையும் வெளிய சொல்லாத சுபாவமும் சேந்தவங்களத்தான் நெதர்லாந்துல டெனோலெட்ங்கிற ஆய்வாளர் டைப் டி-ன்னு சொல்லி, 2005-ல 14 கேள்வி வச்சு ஒரு டெஸ்டும் கொடுத்தாரு. அந்தப் பெட்டி பதியுற இதயத் துடிப்பு கடிகாரம் மாதிரி ஒரே சீரா இருந்தா நல்லதுன்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்லயாம், மூச்ச இழுக்கையில கொஞ்சம் வேகமாவும் விடுகையில மெதுவாவும் மாறிட்டே இருக்கணும், மனசு பாரமாயிட்டா அந்த ஏத்த எறக்கம் கொறையும்.

இன்னைக்கு காலைல டீ ஆறிப்போற வரைக்கும் அவராவே கடன் கணக்க சொல்லிட்டு இருந்தாரு.