அடுப்பெரிக்கக் கேட்ட காகிதம்

லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் எனக்கு மூன்று நாள்தான். கோட்டையையும் தேவாலயங்களையும் முதல் நாளே பார்த்தாயிற்று. நான் வந்தது ஜெமைதியோஸ் தெருவுக்காக. அன்று அதற்கு ஸ்ட்ராஷுன் தெரு என்று பெயர். 1941 செப்டம்பரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ இந்தச் சந்துகளில்தான் இருந்தது.

ஆறாம் எண் கட்டடத்தில் ஒரு நூலகம் இயங்கியது. ஊருக்கு வெளியே பொனாரி காட்டில் ஏறக்குறைய 70,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளே மிஞ்சியவர்கள் புத்தகம் இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1942 டிசம்பரில் இரவல் கணக்கு ஒரு லட்சத்தைத் தொட்டபோது விழாவே எடுத்தார்கள். அந்தத் தெருவில் நின்றுகொண்டு இதை நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.

யிட்டிஷ் அவர்களுடைய வீட்டு மொழி. ஹீப்ரு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுவார்கள்; காதுக்கு ஜெர்மன் சாயல். 'மாமெ லோஷ்ன்' என்பார்கள், அம்மா மொழி. 1925-ல் இந்த ஊரில் தொடங்கிய யீவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனம் எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளோடு நிற்கவில்லை. பழமொழி, நாட்டுப்பாட்டு, நாடக நோட்டீஸ், இளைஞர்கள் எழுதிய தன்வரலாறு என்று எல்லாவற்றையும் சேர்த்தது. சின்னச் சின்ன ஊர்களில் இருந்த சாதாரண மனிதர்களே கேட்டு எழுதி அனுப்பினார்கள்.

அதையெல்லாம் தரம் பிரிக்கச் சொல்லி நாஜிகள் நாற்பது பேர் அளவில் கெட்டோ யூதர்களையே வேலைக்கு வைத்தார்கள். பிடித்தது ஜெர்மனிக்கு, மற்றது காகித ஆலைக்கு. அந்த நாற்பது பேரும் தாள்களை உடைக்குள் செருகி, உடம்போடு கட்டிக்கொண்டு கெட்டோவுக்குள் கடத்தினார்கள். வாயிலில் ஜெர்மானியர் சோதனை போட்டால் உயிருக்கே ஆபத்து. ரொட்டி கடத்த வேண்டிய பசிக் காலம் அது. 'காகிதப் படை' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

அதில் ஒருவர் கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவர். அடுப்பெரிக்கக் கழிவுக் காகிதம் வேண்டும் என்று கேட்டு, ஜெர்மன் அதிகாரியிடமே எழுத்தில் அனுமதி வாங்கினார். அந்தக் கழிவோடு டால்ஸ்டாய், கார்க்கி கடிதங்களும் யிட்டிஷ் எழுத்தாளர் ஷோலெம் அலெய்கெமின் கையெழுத்துப் பிரதிகளும் உள்ளே போயின.

1944-ல் நகரம் விடுபட்டதும் உயிரோடு மிஞ்சியவர்கள் திரும்பி வந்து, கெட்டோவுக்குள் கடத்திப் புதைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்து ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். சோவியத் அரசு 1949-ல் அதையும் மூடிவிட்டது. அப்புறம் அந்தத் தாள்களைக் காப்பாற்றியவர் அந்தானாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர். அவர் யூதர் அல்ல. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் மற்றக் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவை வெளியே வந்தன; 2017-ல்கூட 1,70,000 பக்கங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள்.

கடைசி நாள் தேசிய நூலகத்தில் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளைப் பார்த்தேன். ஓரம் பழுத்து, மடித்த தடம் குறுக்கே ஓடியது. எனக்கு அந்த எழுத்து தெரியாது. வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, கண்ணாடி மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். நாலாவது வரியில் ஒரு சொல்லை அடித்துவிட்டு, அதற்கு மேலேயே சின்னதாக வேறொரு சொல்லை எழுதியிருந்தார்கள்.