கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியவர்

"பழசுன்னு எனக்குத் தெரியுமுங்கண்ணா. தெரிஞ்சேதான் போடறேன். அதை வேண்டாம்னு சொல்ல உங்க புரோகிராம் யாரு?"

ஊட்டியில் ஒரு கணினி லேபைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இப்படிக் கேட்டார். நான் சொன்ன பதிலில் தப்பில்லை. ஆனாலும் மனசு அங்கேயே நிற்கிறது.

நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் பேக்கேஜ் மேனேஜர், அதாவது கணினியில் மென்பொருள்களை நிறுவித் தரும் நிரல், மென்பொருள் தொகுப்புகளின் பட்டியலில் எங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு காலாவதித் தேதியையும் பார்க்கும். தேதி தாண்டிவிட்டால் எதையும் நிறுவாது. அவர் கோயம்புத்தூரில் மொத்த மிரரையும் (தொகுப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்) ஹார்டு டிஸ்கில் இறக்கி, பஸ்ஸில் மேலே கொண்டுவந்தவர். மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்து நெட் இல்லாமல் கிடந்ததில் பட்டியல் காலாவதியாகிவிட்டது. கையொப்பம் சரி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் சரி, தேதி மட்டும் இடித்தது. அதைத் தாண்ட ஓர் ஆப்ஷன் கேட்டார். முடியாது என்றேன்.

ஏனென்றால் பழைய பட்டியலும் நாங்களே கையெழுத்திட்டதுதான். ஒரு கெட்ட மிரர் அதையே காட்டிக்கொண்டிருந்தால், ஓட்டையுள்ள பதிப்போடு உங்கள் கணினி அப்படியே நின்றுவிடும். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவும் நம்பும். இது வெறும் பயம் இல்லை. 2008இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்தே உபுண்டு, டெபியன் உட்படப் பல லினக்ஸ் இயங்குதளங்களுக்கு அதிகாரபூர்வ மிரர் ஆகிக் காட்டினார்கள். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"என் டிஸ்க்குல எந்த மிரர்க்காரன் வந்து உக்காந்திருக்கான்?" என்றார். அப்புறம், "பர்லியாறுகிட்ட மண்ணு சரிஞ்சா கோத்தகிரி வழியா திருப்பி விடறாங்கல்ல? ரோட்டை மூடிட்டு வீட்டுக்குப் போயிடறதில்லீங்களே."

நான் கோத்தகிரிக்காரன். திருப்பிவிட்ட வண்டிகள் எங்கள் ஊரை என்ன பாடு படுத்தும் என்று எனக்கல்லவா தெரியும்! ஆப்ஷனும் அப்படித்தான், கேட்டவரோடு நிற்காது. யாரோ ஒருவர் ஸ்கிரிப்டில் எழுதுவார், பத்துப் பேர் நகலெடுப்பார்கள், ஏன் அந்த வரி இருக்கிறது என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. இந்த வாதத்தை இன்றும் விடமாட்டேன்.

ஆனால் டெபியனின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டிலேயே இந்தத் தேதிச் சோதனையை அணைக்க வழி இருக்கிறது. எங்களுடையதைவிட எத்தனையோ மடங்கு பேர் பயன்படுத்துவது அது. தம்பி அதைச் சொல்லவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்த லேபுக்குப் போனேன். தானாக நேரம் திருத்துவதை அணைத்துவிட்டு, எல்லா மெஷினிலும் தேதியைப் பின்னுக்குத் தள்ளி நிறுவியிருந்தார். மாணவர்களுக்கு வேலை நடந்துவிட்டது. நெட் வந்தபின் தேதியை மாற்ற விட்டுப்போன மெஷின்களில், புதிதாகச் சான்றிதழ் வாங்கிய தளங்களைப் பார்த்து "இது இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று பிரவுசர் முறைத்தது. மாணவர்களின் கோப்புகளிலெல்லாம் பழைய தேதி.

"உங்களை மறுபடி தொந்தரவு பண்ண வேண்டாம்னுதாங்கண்ணா" என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று இன்னும் விளங்கவில்லை. எங்கள் நிரலிடம் விஷயத்தைச் சொல்ல வழியில்லை. அதனால் மொத்தக் கணினியிடமும் பொய் சொல்லியிருக்கிறார். நான் காப்பாற்றியதாக நினைத்தது எதை? ஒன்று, ஆப்ஷன் இருந்திருந்தால் அந்த ஒரு சோதனை மட்டும் போயிருக்கும். அல்லது, இவ்வளவு சிரமப்பட்டதால்தான் அந்தக் குறுக்குவழி அவரோடு நின்றது. இரவில் முதலாவது சரியாகப் படுகிறது, காலையில் இரண்டாவது.

செல்லுபடிக் காலத்தையே நீட்டிவிடலாம் என்றார் கூட வேலை செய்யும் ஒருவர். நீட்டினால் கெட்ட மிரருக்கும் அவ்வளவு நாள் கிடைக்குமே.

ஆப்ஷனை எழுதிப் பார்த்திருக்கிறேன். உள்ளூர் டிஸ்குக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் கையால் அடிக்க வேண்டும், செட்டிங்கில் நிரந்தரமாக வைக்க முடியாது. ஸ்கிரிப்டில் எழுதுபவரை இதுவும் தடுக்காது, தெரியும். அதோடு, நெட்வொர்க் வழியாக மவுன்ட் செய்த, அதாவது சொந்த டிஸ்க் போலவே இணைத்துக்கொண்ட தொலைதூர மிரரும் நிரலின் கண்ணுக்குச் சாதாரண ஃபோல்டர்தான். அதற்கு என்ன செய்வதென்று பிடிபடாமல் இன்னும் சேர்க்கவில்லை. அழிக்கவும் இல்லை.

தம்பியிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் எந்த வெர்ஷனில் வரும் என்று கேட்பார்.