பெட்ரோல் கேனால் தவறிய ஃபெர்ரி

காரையும் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி கப்பலுக்கு முன்பதிவு எளிதாகவே முடிந்தது. சிக்கல் துறைமுகத்தின் சோதனை வாயிலில் தொடங்கியது. எங்கள் காரை வரிசையிலிருந்து ஓரங்கட்டச் சொன்ன காவலர், நீண்ட கைப்பிடியுள்ள கண்ணாடியை வண்டியின் அடியில் நுழைத்துப் பார்த்துவிட்டு, டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஒட்டுநாடா போட்ட அட்டைப் பெட்டியைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில் எனக்கு வருத்தமில்லை. 2004 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் சூப்பர்ஃபெர்ரி 14 கப்பலில் வெடித்து 116 பேரைப் பலிகொண்ட குண்டு, ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மறைத்துத்தான் கொண்டுவரப்பட்டது.

பெட்ரோல் கேனைக் கண்டதும் அவர் முகம் மாறியது. மூடிய வாகனத் தளத்தில் கேன் கசிந்தால், காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி தரையோடு தேங்கி, ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும் என்று விளக்கினார். நியாயமான காரணம்தான். ஆனால், முன்பதிவின்போது நான் இதையே குறிப்பாகக் கேட்டபோது, மூடி இறுக்கமாக இருந்தால் போதும் என்று முகப்பு ஊழியர் உறுதியாகச் சொல்லியிருந்தார். அதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா என்று காவலர் கேட்டார், இல்லை. கேனை ஒப்படைக்க வெளியே போய்த் திரும்புவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது.

அடுத்த கப்பலுக்கு மாற்ற, முகப்பில் தனிக் கட்டணம் கேட்டார்கள். பயணச்சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்த விதிகளில் எரிபொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை மேலாளரிடம் காட்டி வாதிட்ட பிறகே கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கசக்கி எறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

ஆகவே, எரிபொருள், எரிவாயு உருளை ஆகியவற்றைப் பற்றிய பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். சோதனைக்கு மறுத்தால் ஏற்றமாட்டார்கள். ஆகவே டிக்கியில் எளிதில் எடுக்கும்படி சாமான்களை அடுக்குங்கள். பன்னாட்டுக் கப்பல்களுக்கு 2004 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள ஐ.எஸ்.பி.எஸ். என்ற கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் பாதுகாப்பு நிலைகள் மூன்று. நிலை உயர்ந்தால் சோதனையும் கடுமையாகும் என்பதால், போன முறை எளிதாக விட்டார்கள் என்று நம்பிக் கடைசி நேரத்தில் போகாதீர்கள். பயணத்தின்போது வாகனத் தளம் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். மருந்துகளைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பாதுகாப்பு எல்லையைவிட்டு வண்டி வெளியே போனால், முன்பு செய்த சோதனை கணக்கில் வராது. எங்கள் காரை மீண்டும் முதலிலிருந்து, அந்த அட்டைப் பெட்டி உட்பட, சோதித்த பிறகே ஏற்றினார்கள்.