22-இன் கீழ் 7

தங்கச்சிமடம் கரையில், கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் நோட்டை விரித்து, அக்கா மகள் இன்று மாலை எண்களை வகை பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏலத்துக்கு வந்த நண்டுகளை எண்ணினால் இயல் எண்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் தடைக்காலத்தில் விசைப்படகுக்குக் கிடைக்கும் மீன்பாட்டைக் குறிக்கப் பூச்சியத்தையும் சேர்த்தால் முழு எண்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தைக் குறைக்குறியோடு எழுதினால் முழுக்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெளிவாகவே இருந்தது. √16 என்பது 4 தானே என்று அதையும் இயல் எண்களில் சேர்த்திருந்தாள்.

22/7-ஐ மட்டும் விகிதமுறா எண்களின் கட்டத்தில் எழுதியிருந்தாள்.

“22/7 என்றால் பை (π). பை விகிதமுறா எண்தானே, மாமா?”

22-க்கும் 7-க்கும் நடுவே அவள் அழுத்திப் போட்ட பென்சில் கோடு, தாளின் மறுபுறமும் தடித்துத் தெரிந்தது. அந்தக் கோடுதான் சாட்சி. ஒரு முழுவைப் பூச்சியமல்லாத இன்னொரு முழுவின் மேல் வைத்து எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். 22-ஐ 7-ஆல் வகுத்தால் 3.142857142857… என்று அதே ஆறு இலக்கங்கள் மீண்டும் மீண்டும் வரும்.

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் பை அப்படியன்று. 3.14159 என மூன்றாம் தசம இடத்திலேயே விலகிவிடும் அதை எந்தப் பின்னத்திலும் அடைக்க முடியாதெனக் கணிதவியலர் லாம்பர்ட் 18-ஆம் நூற்றாண்டில் நிறுவினார். நம் பாடங்களில் 22/7 என்பதன் பக்கத்தில் ‘தோராயமாக’ என்ற சொல்லை விடாமல் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவள் வலைநூலை எடுத்து, வட்டமான ஓலைப்பெட்டியைச் சுற்றி அளக்கத் தொடங்கினாள்.