சனிக்கிழமைச் சம்பளமும் வள்ளி கும்மியும்

திருப்பூரில் பவர் டேபிள், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை, வைத்திருப்பவனைப் பார்த்து, "உங்களுக்கென்னங்க, முதலாளி, நெனச்சா லீவு" என்பார்கள். கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ், அதாவது வெட்டிய துணி, வந்தால்தான் எங்களுக்கு வேலை. ஓவர்லாக், பிளாட்லாக் தையல்கள் போட்டு டஜன் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலை எட்டரைக்கு மெஷின் ஓடினால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட், இந்த ஊர் வழக்கம்.

எனக்கு எங்கள் கொங்குப் பக்கத்து நாட்டுப்புற ஆட்டமான வள்ளி கும்மி ஆட ஆசை. பயிற்சி மாலை ஏழு மணிக்கு. ஆசிரியர் பாட்டை எடுத்துக் கொடுத்து வேகம் கூட்டினால், நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த கால் பின்னிக்கொள்ளும். 2024இல் வள்ளி கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் குழுவில் ஒரே கொண்டாட்டம்.

என் மாலைப் பொழுதை விழுங்கியது தையல் என்பதைவிட வசூல் என்பதே சரி. சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கம்பெனிப் பணமோ இரண்டு மூன்று மாதம் இழுக்கும். அந்தத் துண்டு விழுவதைச் சமாளிக்க, அட்வான்ஸ் தருகிறவரிடம் இன்னொரு லாட்டை (ஒரு தொகுதித் துணியை) வாங்கிப் போட்டு ராத்திரி தைப்போம். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, அதைக் கொடுத்த ஆண்டில்தான் கம்பெனிகள் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி போட்டார்கள். சட்டம் பேசினால் அடுத்த லாட் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் என்பது வேறு விஷயம்.

அதனால் வாரா வாரம் பட்டுவாடா செய்கிற உள்ளூர்க் கம்பெனிகளின் வேலையோடு மட்டும் நிறுத்திக்கொண்டேன். ரேட் குறைவுதான். லோனில் மெஷின் எடுப்பதில்லை. ஆறரைக்கு ஷட்டரை இறக்கிவிடுகிறோம்.

"உங்களுக்குக் கும்மி இருக்குதுங்கண்ணா, எங்களுக்கு அரை ஷிப்ட் போச்சுங்களே" என்றார் ஒரு டெய்லர் அக்கா. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்த அரை ஷிப்டில் ஓடுவது. சிலர் வேறு இடம் பார்த்துப் போனார்கள். குறை சொல்ல முடியாது. இருப்பவர்களுக்கு டஜன் கூலியை ஏற்றினேன். அதில் என் வீட்டுக்கு மாடி எடுப்பது தள்ளிப்போயிருக்கிறது, வீட்டுக்காரம்மாவுக்கு அந்த வருத்தம் உண்டு.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் இந்த ஒழுங்கு செல்லாது. போனஸ் செலவுக்கு டெய்லர்களே நைட் வேலை கேட்பார்கள். கும்மிப் பயிற்சிக்கு லீவு சொல்லப் போனேன். ஆசிரியர் சிரித்துவிட்டார்: "பொரட்டாசி பொறந்தா பனியன்காரங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்கன்னு தெரியுமுங்க, தீபாவளி முடிஞ்சு வாங்க."